வெள்ளையாக இருந்தால் ஆர்க்கிட் மான்டிஸா? பூக் கும்பிடுபூச்சியின் இனம் கண்டறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் பன்னிரண்டு பூந்தொட்டிகள் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் பூஜைக்குத் துலுக்கச் சாமந்தி பறிக்கப் போன என் மாமியார் வெறும் கூடையோடு இறங்கி வந்தார். "ஒரு பூ என்னையே திரும்பிப் பாக்குதும்மா" என்றார். போய்ப் பார்த்தால் இதழோடு இதழாக ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சு. ஊரில் நெல் வயலில் பார்த்த பச்சைக் குச்சி மாதிரியான பூச்சி இல்லை இது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளையும் பச்சையுமாகப் பட்டைகள். வயிற்றைத் தூக்கி முதுகின் மேல் சுருட்டி வைத்திருந்தது.

செல்போனில் படம் தேடி 'ஆர்க்கிட் மான்டிஸ்', அதாவது ஆர்க்கிட் பூவைப் போன்ற கும்பிடுபூச்சி, என்று முடிவுகட்டினேன். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவரை அறிவித்தும் விட்டேன். ஐந்து வாரம் கழித்து அது கடைசிச் சட்டையை உரித்துப் பச்சை இறக்கையில் கண் போன்ற மஞ்சள் வட்டத்தோடு வந்து நின்றது. ஆர்க்கிட் மான்டிஸுக்கு இறக்கையில் அப்படி ஒரு கண் கிடையாது. அந்த அவமானத்தில் கற்றுக்கொண்டதுதான் இங்கே சொல்லப்போவது. இப்போது எங்கள் தெருவில் யாருக்குப் பூச்சி கிடைத்தாலும் தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். (தீப்பெட்டியில் போடாதீர்கள், கால் முறியும்.)

முதல் கேள்வி நிறத்தைப் பற்றியது அல்ல

எல்லோரும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, பூச்சி எங்கே கிடைத்தது என்பதுதான்.

உலகில் சுமார் 2,400 கும்பிடுபூச்சி இனங்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் 160க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. 'பூக் கும்பிடுபூச்சி' என்பது அவற்றில் ஓர் இனத்தின் பெயர் அல்ல. பூவைப் போலத் தோற்றமளிக்கும் பலவற்றுக்கும் பொதுவாக வைத்த பெயர். ஆர்க்கிட் மான்டிஸ் என்கிற ஹைமனோபஸ் கோரோனேட்டஸ் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து பக்கத்து மழைக்காட்டுப் பூச்சி. இந்தியாவில் வடகிழக்கில் பதிவாகியிருக்கிறது. முள் வயிற்றோடு வரும் சூடோகிரியோபோட்ரா வால்பெர்கி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இவை அல்சூரில் ஒரு சாமந்திச் செடிக்குத் தானாக வந்து சேராது. ஆகவே பெங்களூரில் மாடித் தோட்டத்திலோ, துரஹள்ளி பக்கம் உண்ணிச்செடிப் புதரிலோ பட்டையும் வரியுமாக ஒரு சின்னப் பூக் கும்பிடுபூச்சியைப் பார்த்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரியோப்ரோட்டர் என்ற பேரினத்தைத்தான் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிதான் பேரினம்).

காசு கொடுத்து வாங்கிய பூச்சி என்றால் இந்தத் துப்பு கையைவிட்டுப் போய்விடுகிறது. மர்ஃபி டவுனில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்க்கிட் என்ற பெயரில் நல்ல விலைக்கு ஒன்றை வாங்கினார். இறக்கை வந்ததும் பார்த்தால் எங்கள் மாடியில் இலவசமாகக் கிடைத்த அதே வகை. வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தாய்ப்பூச்சி எந்த ஊரில் பிடித்தது? அதன் வளர்ந்த படம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பூச்சி என்று சொன்னால் மூன்றாவது கேள்வியும் உண்டு. உயிருள்ள பூச்சிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதியைப் பற்றிக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினால், பூச்சி உள்ளூராக இருக்கலாம், அல்லது கள்ளத்தனமாக வந்ததாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் வேண்டாம்.

வயதைப் பாருங்கள்

இறக்கை இல்லாத குஞ்சுக்கு இனப் பெயர் வைப்பது, கைக்குழந்தையைப் பார்த்து எந்த வேலைக்குப் போகும் என்று சொல்வது போலத்தான். முட்டையிலிருந்து வந்த புதிதில் பல பூக் கும்பிடுபூச்சிகள் பூ மாதிரியே இருக்காது. எறும்பு மாதிரி இருக்கும். கிரியோப்ரோட்டர் குஞ்சு கறுப்பாக ஓடும். ஆர்க்கிட் மான்டிஸின் முதல் பருவக் குஞ்சோ செம்மஞ்சள் உடம்பும் கறுப்புத் தலையும் கறுப்புக் கால்களுமாக இருக்கும். ஒருமுறை சட்டை உரித்த பிறகுதான் வெள்ளையாகிறது.

வளர்ப்பவர்கள் பருவத்தை எல்-1, எல்-2 என்று எண்ணுவார்கள். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் ஓர் எண் கூடும். நடுவில் கிடைத்த பூச்சி என்றால் எந்த எண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். தோள்பட்டைக்குப் பின்னால் பாருங்கள். அங்கே இறக்கை மொட்டுகள் தட்டையாக ஒட்டியிருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. தடித்து உப்பலாகத் தெரிந்தால் அடுத்த தோலுரிப்பில் இறக்கை வந்துவிடும். அதுவரை பொறுப்பதுதான் நல்லது.

உரித்துப் போட்ட சட்டைகளைக் குப்பையில் எறியாதீர்கள். நான் தெர்மாகோல் துண்டில் குண்டூசியால் குத்தித் தேதி எழுதி வைக்கிறேன். கால், முன்கை, கண்ணின் வடிவம் எல்லாம் அதில் அப்படியே பதிந்திருக்கும், உயிருள்ள பூச்சியைத் தொந்தரவு செய்யாமல் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று: எத்தனை நாளில் சட்டை உரிக்கும் என்று வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கை இங்கே நம்ப முடியாது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மார்கழி இரவுகளில் குளிரும்போது பூச்சி மெதுவாகத்தான் வளரும். சென்னையில் இருக்கும் என் தங்கையின் பூச்சி என்னுடையதைவிட எப்போதும் முந்திக்கொள்கிறது.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. தலைகீழாகத் தொங்கித்தான் சட்டை உரிக்கும். டப்பாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், மேல்பக்கம் பிடித்துத் தொங்க வலைத்துணி வேண்டும். சாப்பிடாமல் அசையாமல் தொங்கினால் படம் எடுக்கிறேன் என்று எடுத்துத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் விழுந்தால் இறக்கை கோணலாகிவிடும். அப்புறம் இனம் காண இருந்த ஒரே நல்ல அடையாளமும் போய்விடும்.

உடம்பில் எதைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், மேசைமேல் சாம்பல் நிறக் காகிதம் விரித்து, ஒரு சிறிய லென்ஸோடு உட்காருங்கள். நடுக்கால், பின்கால் தொடைகளில்தான் முதல் பார்வை. ஆர்க்கிட் மான்டிஸுக்கு அங்கே அகலமான, அரைவட்ட இதழ் போன்ற தகடு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். கிரியோப்ரோட்டருக்கு அந்த இடத்தில் சின்ன மடிப்பு மட்டும் இருக்கலாம். கால் பொதுவாக மெலிந்து, பட்டை பட்டையாக இருக்கும். நான் ஐந்து வாரம் ஏமாந்ததற்குக் காரணம் இந்த ஒன்றைப் பார்க்காததுதான். என் பூச்சிக்கு இதழே இல்லை. ஆனாலும் வெள்ளையாக இருந்ததே என்று மனசு ஒத்துக்கொண்டது.

அடுத்தது வயிறு. கிரியோப்ரோட்டர் குஞ்சும் ஆர்க்கிட் குஞ்சும் இரண்டுமே வயிற்றை மேலே சுருட்டும், ஆகவே சுருட்டுவது மட்டும் அடையாளமாகாது. வயிற்றின் மேல் வரிசையாக முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆப்பிரிக்க முள் வகையை யோசிக்கலாம்.

அப்புறம் முன்கை. அதன் தொடைப் பகுதி தட்டையாக, ஒரு தட்டு போல அகன்று, இரண்டு கைகளையும் மாறி மாறி ஆட்டிக்கொண்டிருந்தால் அது குத்துச்சண்டைப் பூச்சி. ஹெஸ்டியாசுலாவும் அதன் உறவுக்காரப் பேரினங்களும் இதில் வரும். பூக் கும்பிடுபூச்சிகளின் குடும்பமான ஹைமனோபோடிடேவைச் சேர்ந்ததுதான், ஆனால் உடை வேறு: பழுப்பு, மரப்பட்டை நிறம். தட்டின் உள்பக்கம்தான் பளிச்சென்று நிறம் வைத்திருக்கும். குத்துச்சண்டைக்காரர் கையுறையை ஆட்டுவது போலவே இருக்கும். எனக்கு எல்லாக் கும்பிடுபூச்சியிலும் பிடித்தது இதுதான், சொல்லிவிடுகிறேன்.

கழுத்து நீண்டு குச்சியாக, அதன் முனையில் இலை போல ஒரு அகலம், தலையில் ஒரு கொம்பு என்றிருந்தால் அது வயலின் மான்டிஸ், கோங்கிலஸ் கோங்கிலோடிஸ். லின்னேயஸ் 1758லேயே பெயர் வைத்த பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காய்ந்த புதர்க்காடுகளில் இருக்கிறது. 'இந்தியன் ரோஸ் மான்டிஸ்' என்றும் சொல்வதால் புதியவர்கள் இதைப் பூக் கும்பிடுபூச்சிக் குடும்பத்தில் போட்டுவிடுகிறார்கள். இது எம்பூசிடே என்ற வேறு குடும்பம். சுமார் 10 சென்டிமீட்டர் வரை வளரும், ஆகவே வளர்ந்ததைப் பார்த்தால் குழப்பமே வராது.

பார்க்கவே கூடாதது ஒன்றும் இருக்கிறது: கண்ணுக்குள் ஓடும் கரும்புள்ளி. "ஆன்ட்டி, இதுக்குக் கண்ல மச்சம் இருக்கு, இது வேற வகை" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அது மச்சம் இல்லை. நம்மை நேராகப் பார்க்கும் கண்ணறைகள் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது. நாம் நகர்ந்தால் புள்ளியும் நகரும். எல்லாக் கும்பிடுபூச்சிக்கும் உண்டு. ராத்திரியில் கண் முழுவதும் கறுத்துப்போவதும் அப்படித்தான், இன அடையாளம் இல்லை.

நிறத்துக்கு இப்போது வருகிறேன். ஒரே பூச்சி, ஒரு சட்டைக்கு முன் வெள்ளை, பின் இளஞ்சிவப்பு என்று மாறலாம். வெளிச்சமும் ஈரப்பதமும் இதில் கை வைக்கின்றன. பட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டை என்ன நிறம் என்பதற்குப் பாதி மதிப்பெண் போதும்.

ஆணா, பெண்ணா

இதை ஏன் இனம் காணும் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், அளவை வைத்து முடிவெடுக்கும்போது இது தெரிந்தே ஆக வேண்டும். ஆர்க்கிட் மான்டிஸில் பெண் 6 முதல் 7 சென்டிமீட்டர், ஆண் அதில் பாதிகூட இருக்காது. ஆணைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் அளவோடு ஒப்பிட்டால் எல்லாம் தப்பாகப் போகும். கிரியோப்ரோட்டரில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. இரண்டும் சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர், ஆண் மெலிந்தது.

வயிற்றின் அடிப்பக்கத்தை எண்ணுங்கள். பெண்ணுக்கு ஆறு வளையத் தகடுகள் தெரியும், கடைசித் தகடு பெரிது. ஆணுக்கு எட்டு; கடைசியில் சின்னச் சின்னதாக நெருங்கியிருக்கும். ஸ்வீட் கடையில் கொடுக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா இதற்கு அருமையான கருவி. பூச்சியை அதில் விட்டுத் தலைக்கு மேல் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். கையால் புரட்ட வேண்டியதே இல்லை.

இறக்கை வந்த நாள்

இதுதான் காத்திருந்த நாள். இறக்கை விரிந்து காய ஒரு நாள் விடுங்கள். இரண்டு நாளாவது தீனி போடாதீர்கள். பிறகு மேலிருந்து பாருங்கள்.

முன்னிறக்கை பச்சை, நடுவில் வெளிர்மஞ்சள் வட்டம், அதன் ஓரத்தில் கறுப்பு வளைவுகள் என்றால் கிரியோப்ரோட்டர் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தக் கண் வட்டமாக இல்லாமல், உள்ளே சுருண்டு ஒன்பது என்ற எண்ணைப் போல இருந்தால் ஆப்பிரிக்க முள் வகை. இறக்கை முழுக்க வெள்ளையாக, கண்ணே இல்லாமல் இருந்தால் ஆர்க்கிட். பெரிய பச்சைப் பூச்சி, இறக்கையின் ஓரமாக ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் அது ஹியரோடூலா. பெங்களூரில் எங்கும் கிடைக்கும், பூக் கும்பிடுபூச்சி இல்லை. அந்த வெள்ளைப் புள்ளியைக் 'கண்' என்று எண்ணி என்னிடம் வந்தவர்கள் மட்டும் நாலு பேர்.

இனி கடினமான இடம். கிரியோப்ரோட்டர் என்று தெரிந்துவிட்டது, எந்தக் கிரியோப்ரோட்டர்? இந்தியாவில் ஒன்றுக்கு மேல் உண்டு. அபிகாலிஸ், ஜெம்மேட்டஸ், பிக்டிபெனிஸ் என்ற மூன்று பெயர்கள் அதிகம் காதில் விழும். பிக்டிபெனிஸ் என்றால் லத்தீனில் ஓவியம் தீட்டிய இறக்கை. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த உட்-மேசன் 1878இல் வைத்த பெயர். ஜெம்மேட்டஸ் என்றால் மணி பதித்தது. வளர்ப்புப் பூச்சிச் சந்தையில் இந்த இரண்டு பெயர்களையும் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள்.

இவற்றைப் பிரிக்கக் கண்புள்ளியின் அளவு, அதைச் சுற்றிய கறுப்பு எவ்வளவு மூடியிருக்கிறது, பின்னிறக்கையின் நிறம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். பின்னிறக்கையைப் பார்ப்பது சுலபமில்லை. பூச்சி பயமுறுத்த விரிக்கும்போதுதான் தெரியும். அதற்காகக் குச்சியால் குத்திக் கோபப்படுத்த வேண்டாம், பறக்கும்போது வீடியோ எடுத்து ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கும்பிடுபூச்சி வல்லுநர்கள் உறுதியாகச் சொல்லக் கேட்பது ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்த தகவலைத்தான். உயிரோடு வளர்க்கும் பூச்சியில் அது நடக்காது. எனவே 'கிரியோப்ரோட்டர், இனம் தெரியவில்லை' என்று எழுதி நிறுத்துவதில் ஒரு குறையும் இல்லை. படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முழு இனப் பெயரையும் சொல்பவரைவிட, பேரினத்தோடு நிறுத்துபவரையே நான் நம்புவேன்.

பெண்பூச்சி முட்டைக்கூடு வைத்தால் அதையும் பாருங்கள். கிரியோப்ரோட்டருடையது குச்சியோடு ஒட்டிய ஒல்லியான, நீள வடிவம். ஹியரோடூலாவுடையது பருத்து, காய்ந்த நுரை உருண்டை போல இருக்கும்.

படமும் பதிவும்

யாரிடம் கேட்டாலும் படம் சரியாக இருந்தால்தான் பதில் வரும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகம் நேராக ஒன்று, ஸ்வீட் டப்பா வழியாக அடிவயிறு, முன்கையின் உள்பக்கம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள்; அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவு தானாகத் தெரிந்துவிடும். வெள்ளைப் பூச்சியைக் கறுப்புத் துணியில் வைத்தால் செல்போன் குழம்பி எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும், அதனால்தான் சாம்பல் காகிதம் என்றேன். அசையாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் படங்களைப் போட்டுக் கேட்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் படத்தைப் பார்த்ததும் தானாக ஒரு பெயரைக் காட்டும். அது யோசனைதான், தீர்ப்பு இல்லை; அதை அப்படியே அழுத்திவிடாமல் பேரினத்தை மட்டும் கொடுத்துக் காத்திருங்கள். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அங்கே இனம் உறுதியாகும். வாங்கி வளர்ப்பது என்றால் 'வளர்ப்பு' என்று குறிக்கும் பொத்தானை மறக்காமல் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மலேசியப் பூச்சி ஒன்று பெங்களூர் வரைபடத்தில் காட்டுப்பூச்சியாக உட்கார்ந்துவிடும். வீட்டில் எடுத்த படம் என்றால் இடத்தை மங்கலாக்கிவிடுங்கள், உங்கள் முகவரி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெங்களூரில் ஜிகேவிகே வளாகத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்திலும், ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பிலும் பூச்சிச் சேகரிப்புகள் இருக்கின்றன. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காமல், படங்களோடு முதலில் எழுதிக் கேளுங்கள். ஆண்பூச்சி வயதாகி இறந்துவிட்டால் தூக்கிப் போடாமல் காயவைத்து, கிடைத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். இனத்தைத் தீர்க்கப்போவது அதுவாக இருக்கலாம். சீட்டு இல்லாத பூச்சியால் யாருக்கும் பயன் இல்லை.

எங்கள் வீட்டு டப்பாவில் இப்போது ஒட்டியிருப்பது இது: கிரியோப்ரோட்டர், பெண், லிங்கராஜபுரம் மொட்டைமாடி, துலுக்கச் சாமந்தி. அதன் கீழே என் மாமியார் பேனாவால் 'பூவாத்தா' என்று எழுதியிருக்கிறார். அவருக்கு இனம் எப்போதோ தெரிந்துவிட்டது.